வண்டிக்கு என்னடா ஆச்சு?

சேசு மரி சூசை துணை

பரவை,
18.3.2007

அன்பும் பண்பும் பொறுமையும் நிறைந்த மாப்ள ஜூடு அவர்களுக்கு, உன் அக்காள் வீட்டுக்காரர் இன்னாசிமுத்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்கா பாக்கியமேரியும் உன் மருமகள் எஸ்தரும் மாதா புண்ணியத்தில் சுகம். நமது லாரியும் சுகம். புது பேட்டரி போட்டிருக்கிறது. பின் டயர் இரண்டையும் மாற்றியாயிற்று. கிளட்ச் மட்டும் கொஞ்சம் இறுக்கம், அதுவும் போகப்போகச் சரியாகிவிடும்.

நீ திருப்பூருக்குப் போய் இந்த மாதத்தோடு பதினொரு மாதம் ஆகிறது. திரும்பி வந்து வண்டி ஓட்டு என்று கூப்பிடுவதற்காக நான் இதை எழுதவில்லை என்பதை ஆரம்பத்திலேயே தெரிவித்துக்கொள்கிறேன். நீ இல்லாமலே வண்டி வெகு ஜோராக ஓடுகிறது. எழுத வைத்தது எஸ்தர்தான். பாஸ்கா என்கிற ஈஸ்டர் கழிந்து மூன்றாம் ஞாயிறு அவளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்குகிற பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் தாய்மாமன் எடுத்துத் தருவதுதானே நம் வீட்டு வழக்கம். போன வாரம் தையல்காரர் அளவெடுக்க வந்தபோது இந்தக் கழுதை கதவைச் சாத்திக்கொண்டு, "மாமா எடுத்துக் குடுக்காத கவுனை நா போட மாட்டேன், புதுநன்மையும் வாங்க மாட்டேன்" என்றுவிட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இம்புட்டு வீம்பு எங்கிருந்து வந்ததோ, உங்கள் குடும்பத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆகவே நீ கவுனோடு வந்தால் போதும். வண்டி விஷயமாக வரவேண்டியதில்லை. வண்டிக்கு வேண்டிய பாதுகாப்பை எல்லாம் நான் விஞ்ஞானப்படி செய்துவிட்டேன். அதைத்தான் விவரமாக எழுதப் போகிறேன்.

போன ஜூன் மாதம் தல்லாகுளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் லாரி சொந்தக்காரர்களுக்குக் கூட்டம் போட்டார்கள். மத்தியானச் சாப்பாடு உண்டு என்றார்கள், போனேன். டை கட்டிய ஒரு தம்பி திரையில் படம் காட்டி, ஒரு விபத்தின் உண்மையான செலவு என்ன தெரியுமா என்று கேட்டார். நான் விடுவேனா, எழுந்து, நம் வண்டி மோதியதற்குப் பட்டறைக்காரர் கொடுத்த பில்லை அப்படியே ஒப்பித்தேன். அவர் சிரித்துவிட்டு, "அண்ணே, அது கண்ணுக்குத் தெரியிற செலவு. தெரியாத செலவு அதைவிட நாலு மடங்கு இருக்கு" என்றார். வண்டி நின்ற நாள், அழுகிப் போன சரக்கு, கைவிட்டுப் போன வியாபாரி, புது டிரைவரைப் பழக்குகிற பாடு என்று வரிசையாகச் சொல்லி ஆளுக்கொரு படிவமும் கொடுத்தார். வீட்டில் போய் நிரப்பிப் பாருங்கள் என்றார். படிவத்தில் கடைசியாக 'மற்றவை' என்று மூன்று விரல் அகலத்தில் ஒரு கட்டம். அது கிடக்கட்டும், அப்புறம் வருகிறேன். விபத்தே நடக்காமல் தடுக்கிற கருவிகளை ஒரு மேசை நிறைய வைத்திருந்தார். இனிமேல் நம் வண்டி எதிலும் மோதவே மோதாது என்று ஆகிவிட்டால், உனக்கும் எனக்கும் நடுவில் வருத்தப்பட ஒன்றுமே இருக்காதே என்று என் மூளைக்குத் தோன்றியது. மூன்று கருவி வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதலாவது, வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கருவி. எவ்வளவில் வைக்கட்டும் என்று மெக்கானிக் கேட்டபோது, பயத்தில், நாற்பதைத் தாண்டக் கூடாது என்று சொல்லித் தொலைத்தேன். அவர் பூட்டிய பூட்டில் வண்டி பதினைந்திலேயே முக்க ஆரம்பித்துவிட்டது. ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றினால் நீ விடிவதற்குள் பரவை மார்க்கெட்டில் நிற்பாய். புது டிரைவர் மொக்கையனோ ஏலமெல்லாம் முடிந்து, மார்க்கெட்டைக் கூட்டித் தண்ணீர் தெளித்த பிறகு வந்து சேர்ந்தான். ஏன்டா இந்நேரம் என்றால், "அண்ணே, நகரி பக்கத்துல கீரைக்கட்டு வச்ச பெரியவர் ஒருத்தர் சைக்கிள்ல கூடவே பேசிக்கிட்டு வந்தாரு. அப்புறம் நேரமாச்சுன்னு சொல்லிட்டு முன்னாடி போயிட்டாரு" என்கிறான். அன்றைக்கு அந்தத் தக்காளியை ரசத்துக்குக்கூட ஒரு பயல் கேட்கவில்லை. உன் அக்கா மூன்று நாள் தொக்கு கிண்டினாள், தெருவே தின்றது.

இரண்டாவது, காதில் மாட்டுகிற கருவி. டிரைவர் தூங்கித் தலை கவிழ்ந்தால் 'கீ' என்று கத்தும். மொக்கையனோ யார் எது சொன்னாலும் தலையாட்டுகிற ஆள். டீசல் போட்டாயா என்றால் கீ. தார்ப்பாய் கட்டினாயா என்றால் கீ. அவனோடு ஐந்து நிமிஷம் பேசினால் தெரு நாயெல்லாம் கூடிவிடும். "கருவி சரியில்லண்ணே, நீங்களே மாட்டிப் பாருங்க" என்று அவன் கழற்றிக் கொடுக்க, நானும் மாட்டினேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதும், கழற்றாமலே பூசைக்கு வந்துவிட்டேன் என்பதும் பங்குசாமியார் பிரசங்கம் ஆரம்பித்து ஐந்தாவது நிமிஷம்தான் எனக்கும் ஊருக்கும் தெரிந்தது. கீ! சாமியார் நிறுத்தினார். நான் நிமிர்ந்தேன். அவர் தொடர்ந்தார். மறுபடி கீ! ஆறு தடவை, மாப்ள. பெண்கள் பக்கத்திலிருந்து உன் அக்கா பார்த்த பார்வையில் ஏழாவது தடவை தூக்கம் வரவில்லை. பூசை முடிந்ததும் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். "இன்னாசி, இது எங்க கிடைக்கும்? நமக்கு ஒரு இருபது வேணும்" என்றார்.

மூன்றாவதுதான் பெரிய விஞ்ஞானம். வண்டி எந்த ஊரில் இருக்கிறது என்று வானத்திலிருந்து பார்த்துச் சொல்கிற பெட்டி. சோப்புப் பெட்டி அளவுதான். என் செல்போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் ஊர்ப் பெயர் மெசேஜாக வந்து விழும். அந்த வாரம் மொக்கையனுக்கு மதுரைக்குள்ளேயே கடை கடையாகக் காய் இறக்குகிற வேலை. மிஸ்டு கால் கொடுக்கக் கொடுக்க, பரவை, பெரியார் பஸ் ஸ்டாண்டு, பழங்காநத்தம், மறுபடி பெரியார், மறுபடி பரவை என்று வண்டி உட்காராமல் உழைக்கிறது. டீசலும் கேட்கவில்லை. விஞ்ஞானத்தில் மைலேஜ் கூடிவிட்டது என்று டீக்கடையில் பெருமையடித்தேன். கண்ணாலும் பார்த்துவிடலாமே என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு பழங்காநத்தம் போனேன். வண்டியைக் காணோம், மெசேஜ் பெரியார் என்கிறது. பெரியார் போனால் பழங்காநத்தம் என்கிறது. மூன்று முறை அலைந்தேன். என் முன்னால் ஒரே டவுன் பஸ் போய்க்கொண்டிருந்ததை நாலாவது முறைதான் கவனித்தேன். மொபெட்டை ஒரு கடையோரம் போட்டுவிட்டு ஏறினால், கடைசி சீட்டுக்குக் கீழே ஒரு மஞ்சப்பையில் நம் பெட்டி தொங்குகிறது. கண்டக்டர் வந்து, "பைக்கும் சேத்து டிக்கெட் எடுங்கண்ணே, அது ஒரு வாரமா ஓசியிலதான் வருது" என்றார். இறங்கித் தேடினால், வண்டி விளாங்குடிக் கண்மாய்க்கரையில் வேப்பமர நிழலில் நின்றது, மொக்கையன் உள்ளே குறட்டை. எழுப்பிக் கேட்டால், "பெட்டி ஓடிக்கிட்டே இருந்தா உங்களுக்கு நிம்மதி. நா தூங்கி எந்திரிச்சு ஓட்டுனா வண்டிக்கு நிம்மதி. தூங்காம வண்டிய எடுக்காதேன்னு நீங்கதானண்ணே சொன்னீக?" என்கிறான்.

ஆனால் மாப்ள, அந்த மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன் பார், அப்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதினாலு வருஷம் நீ ஓட்டினாய். எந்தப் பெட்டி இருந்தது? வழியில் எங்கே டீ குடித்தாலும் போன் அடிப்பாய். "மச்சான், செம்பட்டி தாண்டிட்டேன், அக்காவ மாவக் கரைச்சு வைக்கச் சொல்லு" என்பாய். தெரு முக்கில் மூன்று ஹாரன் கேட்கும், உன் அக்கா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். இப்போதும் எவனாவது மூன்று ஹாரன் அடித்தால் கல்லை வைத்துவிடுகிறாள். அப்புறம் அவளே அடுப்பை அணைத்துவிட்டு, கல்லைத் துடைக்கிறாள். எனக்கு அந்த நேரம் வீட்டில் இருக்கவே பிடிப்பதில்லை.

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன், எழுதிவிடுகிறேன். போன வருஷம் பொங்கல் கழித்து, வாடிப்பட்டிக்கு முன்னால் குறுக்கே வந்த சைக்கிள்காரரைக் காப்பாற்ற நீ வண்டியை ஒடித்துப் புளியமரத்தில் விட்டாய். ஸ்டியரிங்குக்குக் கீழே உன் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து மாட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் யாரோ ஒருவரின் செல்லை வாங்கி நீ எனக்குப் போன் போட்டு, "மச்சான், மரத்துல மோதிட்டேன்" என்றாய். நான், "வண்டிக்கு என்னடா ஆச்சு?" என்றேன். அதோடு விட்டேனா? "தக்காளி எம்புட்டுடா போச்சு?" என்றேன். போன் வைக்கப்பட்டுவிட்டது. எட்டு நாள் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்தேன், நீ சுவரைப் பார்த்தே படுத்திருந்தாய். கட்டுப் பிரித்ததும் பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை என்று பஸ் ஏறிவிட்டாய். டை கட்டிய தம்பி சொன்ன உண்மையான செலவு அந்த ஒரு கேள்விதான் என்று எனக்குப் புரிய இம்புட்டு நாள் ஆகியிருக்கிறது. நான் பேசியது தப்பு, மாப்ள. பெரிய தப்பு.

படிவத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. மற்றதையெல்லாம் நிரப்பிவிட்டேன். 'மற்றவை' கட்டத்தில் தோசைக்கல் என்று எழுதினேன். எஸ்தரின் கவுன் என்று எழுதினேன். ஜூடு என்று எழுதியதும் இடம் முடிந்துவிட்டது.

நல்லது. நீ வரும் வழிக்கெல்லாம் மாதா துணையிருக்கட்டும், திருப்பூர்த் தண்ணீர் உன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளட்டும் என்று ஆசீர்வதித்து, கேட் வேலை பார்க்கும் மற்ற தம்பிகளுக்கும் என் விசாரிப்பைச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
இன்னாசிமுத்து

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்கு முன்னால் உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். தப்பை ஒத்துக்கொண்டிருக்கிறேன், பாராட்டுவாள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வண்டி சொகம், பேட்டரி சொகம், டயரு சொகம். இம்புட்டு எழுதியிருக்கீகளே, எந் தம்பி காலு எப்படி இருக்குன்னு ஒரு வரி கேட்டீகளா?" என்றாள். முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துத் தேடிப் பார்த்தேன். இல்லை, மாப்ள. கிழிக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டாள். "கிழிக்காதீக. நீங்க மாறவே இல்லன்னு அவனுக்குத் தெரியட்டும். அடியிலயாவது கேளுங்க" என்கிறாள். ஆகவே மேலே எழுதியிருப்பது எதையும் நீ படிக்க வேண்டாம். இங்கிருந்து படி.

ஜூடு, கால் எப்படிடா இருக்கு?