அம்மிக் குழவிக்கு ஒரு தாலாட்டு

ஏமாந்தவனைக்கூட நம்பலாம், ஏமாற இருந்து கடைசி நொடியில் தப்பித்தவன் பக்கம் போகக் கூடாது. அதற்கப்புறம் அவன் பெற்ற தாயிடமே ஆதார் கேட்பான். (நான் தாயிடம் கேட்கவில்லை. அது ஒன்றுதான் பாக்கி.)

மந்தைவெளியில் எங்கள் அடுக்குமாடியை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்றானதும், மகள் படுத்து வளர்ந்த தேக்குத் தொட்டிலை இணையத்தில் விற்பனைக்குப் போட்டேன். அவளோ கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிற வயதுக்கு வந்துவிட்டாள். "விறகுக் கடைக்கு மட்டும் போட்டுடாதீங்கோ. ஒரு குழந்தை இருக்கற ஆத்துக்குத்தான் போகணும்" என்று என் மனைவி ஜெயந்தி கண்கலங்கினாள்.

முதலில் அழைத்தவன் தன்னை ராணுவ அதிகாரி என்றான். பேரமே பேசவில்லை. பணம் வந்து சேர, அவன் அனுப்பும் க்யூஆர் கோடை நான் ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட வேண்டுமாம். மிடுக்காகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜெயந்தி போனைப் பிடுங்கினாள்.

"ஏன்னா, காசு வாங்கிக்கறதுக்கு எதுக்குப் பின் நம்பர்? குடுக்கறதுக்குத்தானே அது?"

நான் வங்கியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். (இதைச் சொல்லியிருக்க வேண்டாம்.)

அடுத்து அழைத்தவர் இம்ரான். தேனாம்பேட்டையில் தையல் கடை. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறது, அதற்குள் தொட்டில் வேண்டும். நான் விடுவேனா? கடை போர்டு, தையல் மெஷின், அவர் முகம் எல்லாவற்றுக்கும் போட்டோ கேட்டேன். பொறுமையாக அனுப்பிவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தொட்டில ஒரு தபா ஆட்டி வீடியோ அனுப்பு சார்."

"காலித் தொட்டில ஆட்டப்படாது" என்று ஜெயந்தி சமையலறையிலிருந்து தீர்ப்புச் சொன்னாள். அதை அப்படியே ஒப்பித்தேன்.

"இன்னா சார், நெட்டுல சுட்ட போட்டோவா? போன வாரம் அசோக் நகர்ல ஒருத்தன் இப்டிதான் சாக்கு சொல்லி அட்வான்ஸ் வாங்கிக்கினான். போய்ப் பாத்தா வெறும் மனை கீது. வேணாம் சார், உட்ரு."

குரல் உடைந்திருந்தது. என்னைப் போய் மோசடிக்காரன் என்கிறாரே என்று கோபம் வந்தது. மனிதரை அத்தனை போட்டோ கேட்டதை நினைத்ததும் வெட்கம் வந்தது.

தொட்டில் போடும் விசேஷத்தில் குழந்தையைப் போடுவதற்கு முன்னால் குழவிக் கல்லைக் கிடத்துவது எங்கள் வழக்கம். ஜெயந்தி அம்மிக் குழவியைக் கழுவித் துடைத்து, துண்டில் சுற்றிப் படுக்க வைத்தாள். அவள் படம் பிடிக்க, நான் பனியனோடு நின்று ஆட்டினேன்.

"பாடுங்கோ. சும்மா ஆட்டினா நன்னாவா இருக்கு?"

மகளுக்குப் பாடிய தாலாட்டையே எடுத்தேன். இரண்டாவது அடியில் துண்டு விலகிக் கல் தெரிந்தது. என்னையறியாமல் அதை இழுத்துப் போர்த்திவிட்டேன். வீடியோவோடு முகவரியையும் அனுப்பினோம்.

சற்று நேரத்தில் இம்ரான் ஆட்டோவோடு வந்துவிட்டார்.

"கல்லுக்குக் குளிருதுன்னு போத்தி வுட்றாரு, இவரா ஏமாத்துவாருன்னு என் ஒய்ஃப் ஒரே சிரிப்பு சார். தையல் பிரிஞ்சிடும், சிரிக்க வெக்காதன்னு நர்ஸம்மா என்னத் திட்டுது."

வீடியோ தேனாம்பேட்டை முழுக்கச் சுற்றி, என் மகளுக்கே அவள் தோழி மூலம் வந்து சேர்ந்தது. அதைப் போட்டால்தான் இம்ரானின் குழந்தை தூங்குகிறதாம். போன மாதம் எங்களைப் பார்க்கத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் ஓடியாடி விளையாடுகிற வயது. ஆசையாகக் கையை நீட்டி, "வாடா கண்ணு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தது. ஒரு கொட்டாவி விட்டு, அப்பா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது.