சம்பந்தி இறுக்கிய மூடி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இரு கரம் கூப்பி வணக்கம். வலது கரத்தில் கட்டுப் போட்டிருப்பதால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்தருள்க. இங்கே நானும் என் மனைவியும் பையனும் உங்கள் மகளும் சுகம். சமையலறைக் குழாய்க்குத்தான் சுகமில்லை.

சென்ற மாதம் தாங்கள் வந்திருந்தபோது, கை கழுவப் போன இடத்தில் தண்ணீர் தெறிப்பதைப் பார்த்து, குழாயின் வாயிலிருந்த வலைமூடியைக் கழற்றி, மண்ணைத் தட்டி, திரும்ப மாட்டிக் கொடுத்தீர்கள். யாரும் கேட்காமலே செய்தது தங்கள் பெருந்தன்மை. ஆனால் முப்பது வருடம் லாரிச் சக்கரங்களுக்கு நட்டு முடுக்கிய கை அது என்பதை அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. இப்போது வலையில் மறுபடி மண் அடைத்துவிட்டது. தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. ஒரு குடம் நிரம்புவதற்குள் நான் செய்தித்தாளை விளம்பரம் உட்படப் படித்து முடித்துவிடுகிறேன். மூடியோ அசைய மாட்டேன் என்கிறது.

பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதானே என்பீர்கள். கூப்பிடத்தான் போனேன். என் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அவங்க அப்பா பண்ணின வேலையை வேற ஆளை வச்சுப் பிரிச்சா, அந்தப் பொண்ணு மனசு என்ன பாடுபடும்?" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். உங்களிடம் மறைப்பானேன், கல்யாணமாகி நான்கு மாதமாகியும் உங்கள் மகள் எங்களிடம் "சரிங்க மாமா", "பரவாயில்லைங்க அத்தை" இரண்டைத் தவிர வேறு பேசியதில்லை. விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்காருகிறாள். இது அவளுக்கு எப்போது தன் வீடாகும் என்று நாங்கள் தவித்துக்கொண்டிருக்கும்போது, அவள் அப்பா கைபட்ட குழாயைக் குறை சொல்ல முடியுமா?

ஆகவே அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து ஒன்பது நாளாக ரகசியமாகப் போராடுகிறோம். துணி சுற்றித் திருகினேன், துணி கிழிந்தது. எண்ணெய் விட்டேன், கை வழுக்கி மணிக்கட்டு பிசகியதுதான் மிச்சம். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் தன் குறட்டோடு வந்தார். வந்தவர் பழக்க தோஷத்தில் "வலிச்சா கையைத் தூக்குங்க" என்றார். குழாயிடம் சொன்னாரோ என்னிடம் சொன்னாரோ, நான் தூக்கினேன். அவரும் மேலே நின்றபடி இடப்பக்கமாக ஒரு திருகு திருகினார் பாருங்கள், சுவரே ஆடியது, மூடி மட்டும் ஆடவில்லை. கடைவாய்ப் பல்லே தேவலை என்று சொல்லிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆதலால் தாங்களே ஒரு நடை, மகளைப் பார்க்க வந்ததுபோல் வந்து, கை கழுவுவதுபோல் கழுவி, அதைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். மகளுக்குத் தெரிய வேண்டாம். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கைவலுவை நாள்தோறும் நினைக்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை பார்ப்போமே என்று இடக்கையால் மூடியைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் மகள் அரை நாள் லீவில் வந்து நின்றாள். எந்தப் பக்கம் திருகுகிறீர்கள் என்று கேட்டாள். காட்டினேன். மூடி கீழே பார்த்து இருப்பதால், மேலே நின்று திருகுகிறவர்கள் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இறுக்குவார்களாம். ஆகவே தாங்கள் இறுக்கியது கொஞ்சம்தான். பாக்கி முழுக்க என் ஒன்பது நாள் உழைப்பு, டாக்டர் உபயம். தங்களைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வெந்நீரில் நனைத்த துணியை மூடியில் சுற்றி, சற்று நேரம் விட்டு, எதிர்ப்பக்கம் திருப்பினாள். கையோடு வந்துவிட்டது. பிறகு மேஜைமேல் இருந்த இந்தக் கடிதத்தையும் எடுத்துப் படித்துவிட்டாள். அதற்குள் என் மனைவியும் சமையலறைக்கு வந்துவிட்டாள்.

"ஏன் மாமா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன? எங்கப்பாவும் நீங்களும் ஒரே அச்சு. இனிமே நம்ம வீட்டுல என்னைக் கேக்காம யாரும் ஒரு திருகாணியைக்கூடத் தொடக்கூடாது. அப்புறம் அத்தை, நீங்க சாப்பாட்டுல உப்பே போட மாட்டேங்கறீங்க."

நான்கு மாதத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டதில்லை. என் மனைவி அப்படியே அவளைக் கட்டிக்கொண்டாள். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை. இத்தனை வருஷம் அந்தத் திட்டு முழுவதையும் தாங்கள் ஒருவரே வாங்கிக்கொண்டிருந்தீர்கள். இனிமேல் பாதி எனக்கு.