தொக்தாரின் கனவும் எண்ணெய் இல்லாத டோனட்டும்

அந்த வெள்ளிக்கிழமை காலையில், பல் தேய்க்கும்போதே தொக்தார் தன் பெரிய முடிவை இன்னொரு தரம் உறுதி செய்துகொண்டார். இன்றைக்கு எண்ணெயில் பொரித்த ஏதாவது ஒன்று தன் வயிற்றுக்குள் போயே ஆக வேண்டும். போகவில்லையென்றால், தன்னை ஆண்பிள்ளை என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமே இல்லை.

ஐம்பத்தொன்பது வயது மனிதருக்கு இதெல்லாம் ஒரு லட்சியமா என்று கேட்கக் கூடாது. அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். போன வசந்த காலத்தில் ஒருநாள், மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது ரத்தமா, உருக்கின ஆட்டுக்கொழுப்பா?" என்று கேட்டார். அதோடு சரி. அடுத்த வாரமே அல்மாத்தியிலிருந்து மகள் ஒரு ஏர் பிரையர் வாங்கி அனுப்பிவிட்டாள். மனைவி ரௌஷான் அந்தக் கறுப்புப் பெட்டியைச் சமையல் மேடையில், தேநீர் கொதிக்கும் சமோவார் இருந்த இடத்தில், ராஜ மரியாதையோடு உட்கார வைத்தாள். எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி பால்கனி அலமாரியில் போட்டுப் பூட்டினாள்.

அன்று முதல் அந்த வீட்டில் எல்லாமே காற்றில்தான் வெந்தது. உருளைக்கிழங்கு காற்றில். மீன் காற்றில். சம்சா காற்றில். அதையெல்லாம்கூடத் தொக்தார் பொறுத்துக்கொண்டார். டோனட்டைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"எவ்வளவு சுலபம் பாருங்க!" என்பாள் ரௌஷான். சுலபம்தான், யார் இல்லை என்றது? ஒரு கிண்ணம் தயிர், இரண்டு கிண்ணம் மாவு, ஒரு சிட்டிகை சோடா உப்பு. பிசைந்து, தட்டி, தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டமாக வெட்டி, மருந்துப் புட்டி மூடியால் நடுவில் ஓர் ஓட்டை. மேலே முட்டையை ஒரு தடவு. பெட்டிக்குள் வைத்துத் திருகினால் எட்டு நிமிஷத்தில் 'டிங்'. எண்ணெய் ஒரு சொட்டுக் கிடையாது. சர்க்கரைக்கும் டாக்டரம்மா தடை போட்டிருந்ததால், மேலே தூவுவதற்கு ஆப்பிள் துருவல்.

தொக்தாரின் கருத்துப்படி, அந்த டோனட்டில் தின்னும்படியான இடம் ஒன்றே ஒன்றுதான். நடுவில் இருந்த ஓட்டை.

அன்றைக்குத் தேநீர் மேசையில் உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். ரௌஷான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொன்று விட்டார், கொஞ்சம் பலமாக.

"என்ன, வாயுவா?"

"ரௌஷான்... ராத்திரி அப்பா கனவுல வந்தாரு."

பால் ஊற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. இறந்தவர் கனவில் வந்தால் அது விளையாட்டுக் காரியமா? வெள்ளிக்கிழமை பார்த்து ஏழு ஷெல்பெக் ரொட்டி தட்டி, கொதிக்கிற எண்ணெயில் பொரித்து, அந்த வாசனையை மேலே அனுப்பியாக வேண்டும். போனவர்களுக்கு வாசனைதான் சாப்பாடு. வியாழன் ராத்திரி கனவு, விடிந்தால் வெள்ளி. எவ்வளவு கச்சிதம்! இதற்காகத் தொக்தார் மூன்று நாள் காத்திருந்தார்.

"மாமாவா? என்ன சொன்னாரு?"

"பசிக்குதுன்னாரு."

"உயிரோட இருந்தப்ப ஒருநாள்கூட எங்கிட்ட அப்படிச் சொன்னதில்லையே."

"அப்பல்லாம் நீ எண்ணெய்ல பொரிச்சிக்கிட்டிருந்த. எப்படிப் பசிக்கும்?"

"என்ன உடுப்பு போட்டிருந்தாரு?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று தொக்தார் நினைக்கவில்லை. "அது... அந்த நரித்தோல் தொப்பி."

"ஜூன் மாசத்துலயா?"

"மேல குளிரு போலிருக்கு."

ரௌஷான் அவரை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷத்துப் பார்வை அது.

"சரி வீட்டுத் தலைவரே. ஏழு ஷெல்பெக்தானே? ஏர் பிரையர்லயே போட்டுடறேன்."

"ஐயையோ! அது எப்படி ஆகும்? அந்தப் பெட்டியில வாசன எங்க வருது? உள்ள என்ன வேகுதுன்னு பக்கத்து அறையில இருக்கற எனக்கே தெரிய மாட்டேங்குது. அவ்வளவு தூரத்துல இருக்கற அப்பாவுக்கு எப்படித் தெரியும்?"

"அதுவும் சரிதான்," என்றாள் ரௌஷான் மெதுவாக. "அந்தப் பெட்டியில என்ன வெந்தாலும் வெளிய தெரியாதுதான்."

இவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாளே என்று அந்த இடத்திலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். எங்கே? நாக்கில் எச்சில் ஊறிவிட்டால் மனுஷனுக்கு மூளை வேலை செய்யுமா?

"நல்ல எண்ணெயா ஒரு புட்டி வாங்கிட்டு வாங்க. கூடவே ஒரு டப்பா பாலாடை. நம்ம தெருக் கடையில வேணாம், மாமாவுக்கு நாக்கு ஒசத்தி. பெரிய சந்தைக்கே போங்க."

தொக்தார் பறந்தார். தராஸ் நகரத்துப் பெரிய சந்தைக்கு பஸ்ஸில் போய், மூன்று கடையில் பாலாடையைச் சுட்டுவிரலால் தொட்டு நக்கிப் பார்த்து, இரண்டு கடைக்காரிகளிடம் திட்டு வாங்கி, வீடு திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மூன்றாம் மாடிக்காரி பிபிநூர் அக்கா காலித் தாம்பாளத்தோடு படியேறிக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, அப்பா கனவுல வந்தாராமே!"

"ஆமாக்கா. பாவம், பசியாம்."

"பாவம்தான்," என்று சொல்லிவிட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு விடுவிடுவென்று மேலே போய்விட்டாள். அப்பாமேல் எவ்வளவு மரியாதை என்று தொக்தார் நெகிழ்ந்துபோனார்.

சமையலறையில் ஒரு வாசனையும் இல்லை. மாவு பிசைந்த பாத்திரம் ஒன்று கழுவிக் கவிழ்த்திருந்தது. அதன் பக்கத்தில் ஷெல்பெக் மாவு துணி மூடித் தயாராக இருந்தது. பால்கனியிலிருந்து எண்ணெய்ச் சட்டி விடுதலையாகி அடுப்புக்கு வந்திருந்தது.

முதல் ஷெல்பெக் எண்ணெயில் விழுந்ததும் 'சொய்ங்' என்று ஒரு சத்தம் கேட்டது பாருங்கள், தொக்தாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தட்டு அகலத்துக்கு உப்பி, அங்கங்கே கொப்புளம் விட்டு, பொன் நிறத்தில் புரண்டது. வாசனை சமையலறையை நிறைத்து, கூடத்தை நிறைத்து, ஜன்னல் வழியாக மேலே போயிற்று. அந்த வாசனையில் அவருக்கு நிஜமாகவே அப்பா ஞாபகம் வந்துவிட்டது. சூடான ஷெல்பெக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றி ஊதித் தின்பார் அந்த மனிதர். பொய்யாகத்தானே கூப்பிட்டோம், நிஜமாகவே வந்து நிற்கிறாரோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். மன்னித்துவிடுங்கள் அப்பா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லும்போதே கை தட்டுப் பக்கம் போயிற்று.

கரண்டியால் ஓர் அடி விழுந்தது.

"முதல்ல மாமாவுக்காகக் குர்ஆன் ஓதுங்க."

ஓதினார். மனசார ஓதினார். இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டு, மறுபடி கையை நீட்டினார். அதற்குள் ரௌஷான் ஏழையும் கூடையில் அடுக்கித் துணி போட்டு மூடிவிட்டாள்.

"ஏழு வீட்டுக்கு ஏழு. கனவு கண்டவர் கையாலயே குடுங்க. மாமா சந்தோஷப்படுவாரு."

"எனக்கு?"

"உங்களுக்கு எதுக்கு? பசி அவருக்குத்தானே?"

"ஒண்ணே ஒண்ணு, ரௌஷான். ஒரு துண்டு. ஓரமா."

ரௌஷான் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். இந்தத் தடவை அவள் முகத்தில் கேலி இல்லை. "மாமா போனப்ப அவருக்கு வயசு அறுபத்தொண்ணு. அவருக்கும் நெஞ்சுதான். நீங்களும் கனவுல வர ஆரம்பிச்சிட்டா, நான் எண்ணெய் வாங்கிட்டு வரச் சொல்லி யார சந்தைக்கு அனுப்பறது?"

தொக்தார் கூடையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில்தான் மூளையில் பல்பு எரிந்தது. அட, எந்த வீட்டில் வாயில் ஏதும் வைக்காமல் வெளியே விடுவார்கள்? வாசல் தாண்டி வந்தவன் மேசையில் இருக்கிற ரொட்டியில் ஒரு துண்டாவது தின்றுவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்காரருக்கே அவமானம். ஏழு வீடு. ஏழு மேசை. மேசைமேல் சூடான ஷெல்பெக்! வீட்டுக்கு ஒரு துண்டு என்றாலும்... தொக்தார் இரண்டிரண்டு படியாகத் தாவினார்.

முதல் வீடு, தரைத்தளத்து ஒரல்பாய் அண்ணன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"வா தம்பி வா. உங்கப்பாவுக்கு நல்ல இடம் கிடைக்கட்டும். ஒரு வாய் வெச்சிட்டுத்தான் போகணும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் தொக்தார் உட்கார்ந்துவிட்டார். ஒரல்பாய் ஷெல்பெக்கை இரண்டு கையாலும் வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு, ஒரு தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். தட்டில், நடுவில் ஓட்டையோடு, ஒரு டோனட்.

"அண்ணே... இது என்ன?"

"உங்க வீட்டு டோனட்டுதான். காலைல பிபிநூர் குடுத்துட்டுப் போனா. 'தொக்தார் வருவாரு, நெஞ்சுக்காரர், வேற எதையும் கண்ணுல காட்டிடாதீங்க'ன்னு ரௌஷான் சொல்லி அனுப்பினாளாம்."

"அந்த ஷெல்பெக்ல ஒரு துண்டு பிச்சுக் குடுத்தா..."

"நல்லா இருக்கே கதை! அப்பா பேரச் சொல்லி எங்களுக்குக் குடுத்தத நீயே தின்னா, அது குடுத்ததா ஆகுமா? முழுசா சாப்பிடு. கடிச்ச ரொட்டிய மிச்சம் வெக்கறது வீட்டுக்கு ஆகாது."

சாப்பிட்டார். சந்தைக்கு அனுப்பிய ஒன்றரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்பது, கடைசி விள்ளல் இறங்கும்போது அவருக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

இரண்டாம் வீட்டில் பள்ளிக்கூடத்து டீச்சர் குல்யாஷ் டோனட்டோடு கெட்டித் தயிரும் வைத்தாள். மூன்றாம் வீட்டில், "வயிறு சரியில்லம்மா," என்று சொல்லிப் பார்த்தார். "அதனாலதான் எண்ணெய் இல்லாதது வெச்சிருக்கோம்," என்றார்கள். நான்காம் வீட்டில் பெருசாகப் பார்த்து வைத்தார்கள். ஐந்தாம் வீட்டில் குடும்பமே அவர் கண்ணெதிரில் உட்கார்ந்து ஷெல்பெக்கைப் பிய்த்துப் பாலாடையில் தோய்த்து, விரலில் வழிந்த எண்ணெயை நக்கியது. "என்ன ருசி! ரௌஷான் கையே கை!" என்றது. தொக்தார் ஆப்பிள் துருவலை மென்றார். ஆறாம் வீட்டில் மூச்சு வாங்கியது.

ஏழாவது, பிபிநூர் அக்கா.

"எட்டு நிமிஷம்தான் தம்பி! பக்கத்துலயே நின்னு பார்த்தேன். அடுத்தடுத்து ரெண்டு தட்டு வெந்துச்சு, ஒரு வாசன வரணுமே! நீ சொன்னது ரொம்ப சரி," என்று தோளைத் தட்டிக் கொடுத்து, தட்டில் ஒன்றுக்கு இரண்டாக வைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பிய தொக்தார் பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, நாற்காலியில் சரிந்தார். மாவு தொண்டை வரைக்கும் நின்றது. குனிந்தால் வந்துவிடும் போலிருந்தது. அப்போது சமையலறையிலிருந்து 'சொய்ங்' என்று சத்தம் கேட்டது.

ரௌஷான் ஒரு தட்டோடு வந்தாள். அதில் ஒரு ஷெல்பெக். தட்டு அகலம். பொன் நிறம். ஓரத்தில் பாலாடை.

"இது யாருக்கு?" குரல் எழும்பவில்லை அவருக்கு.

"உங்களுக்குத்தான். எனக்கு மட்டும் மனசு இல்லையா என்ன? காலைல நீங்க சந்தைக்குப் போனதும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். எப்பவாவது ஒண்ணு தரலாம், தப்பில்லன்னாங்க. சூடா இருக்கு, சாப்பிடுங்க."

தொக்தார் ஒரு துண்டைப் பிய்த்தார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். உள்ளே எட்டு டோனட்டும் ஒன்றாக எழுந்து நின்றன. துண்டைத் தட்டிலேயே வைத்தார்.

"ரௌஷான், நாளைக்கு வெச்சிக்கலாமா?"

"ஆறின ஷெல்பெக்கா? உங்க நெஞ்சுக்கா? வேணவே வேணாம்."

"ஒரு மணி நேரம் கழிச்சு?"

"அதுக்குள்ள வறட்டி மாதிரி ஆயிடும். சும்மா ரெண்டு வாய் சாப்பிடுங்களேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதற்கு மேல் எதையும் ஆட்ட முடியவில்லை. கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

"ஐயோ பாவம், வீணாப் போகக் கூடாதே," என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் ரௌஷான். ஜன்னலோரம் வசதியாக உட்கார்ந்தாள். பிய்த்தாள், பாலாடையில் புரட்டினாள், கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். அவசரமே படவில்லை. கடைசித் துண்டும் உள்ளே போனதும் விரலை ஒவ்வொன்றாக நக்கிவிட்டுச் சொன்னாள்:

"அடுத்த தடவ மாமா வந்தா, நல்லா இருந்துச்சுன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க."