பொழுதோட அக்கா

கோயமுத்தூரில் கடிகாரம் விற்பதே வீண் வேலை என்று நிரூபித்தவர் பொழுதோட அக்கா. பீளமேட்டில் நான் தங்கிய பெண்கள் விடுதியின் வார்டன். குழாய் ஒழுகுகிறது என்றாலும், பல்பு எரியவில்லை என்றாலும், கட்டிலுக்கு அடியில் பாம்பு என்றாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "பொழுதோட பாத்துக்கலாமுங்க அம்மணி."

மரியாதைக்கு மட்டும் குறைச்சலே கிடையாது. சமையலறைக்குள் நுழைந்த நாயைக்கூட, "அக்கட்டால போங்க சாமி, உங்களுக்கு இங்க சோலியில்லீங்க" என்றுதான் விரட்டுவார். நாயும் மனம் நோகாமல் போய்விடும்.

நான் திருநெல்வேலிக்காரி. பம்ப்செட் கம்பெனியில் வேலை கிடைத்து, ராத்திரி பஸ்ஸில் வந்து காலையில் இறங்கினேன். மறுநாள் சேரவேண்டும். வந்ததும் வராததுமாக அக்கா என் ஒரிஜினல் சர்டிபிகேட் ஃபைலை வாங்கி மஞ்சப்பையில் திணித்து, "செராக்ஸ் எடுத்துப்போட்டு பொழுதோட தாரனுங்க" என்று ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார். எங்கள் ஊரில் பொழுதோட வா என்றால், காலாகாலத்தில் வந்து சேர் என்று அர்த்தம். அரை மணியில் வந்துவிடுவார் என்று நம்பி உட்கார்ந்தேன்.

ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். தெரியாத ஊர், காலி அறை. வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று முடிவுகட்டி, ஊருக்குத் திரும்ப இரண்டு மணி பஸ்ஸுக்குப் போனிலேயே டிக்கெட் போட்டேன். ஆனால் ஃபைல் வந்தால்தானே கிளம்ப முடியும்? அக்காவின் நம்பரை அடித்தால், சமையலறை அரிசி டின் மேலிருந்து மணி அடித்தது.

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, முன்னப்பின்ன தெரியாதவ கையிலயா குடுத்த?"

"அவங்க வார்டன்மா!"

"அவ வார்டன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

சொன்னதும் அக்காதான் என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு மணி பஸ் நான் இல்லாமலே போயிற்று. படித்த படிப்பெல்லாம் மஞ்சப்பையோடு போயிற்று என்று தலையணையில் முகம் புதைத்து அழுதேன்.

வெயில் சாய்ந்து, காற்று சிலுசிலுவென்று வீச ஆரம்பித்தபோது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

"ஏனுங்க அம்மணி, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது?"

"பொழுதோட தாரேன்னு சொன்னீங்களேக்கா!"

"ஆமாங்க. இப்பத்தானுங்களே பொழுதோட?" என்று வானத்தைக் காட்டினார்.

இந்த ஊரில் பொழுதோட என்றால் சாயங்காலம்!

ஃபைலைத் திறந்து பார்த்தேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் எல்லாம் பத்திரமாக இருந்தன. போன உயிர் திரும்பி வந்தது. அக்கா என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்த் தள்ளுவண்டியில் காளான் வாங்கிக் கொடுத்தார். தட்டில் காளானைத் தேடினேன், முட்டைக்கோஸ்தான் அகப்பட்டது. ஆனாலும் அப்படி ஒரு ருசி. காலையில் பயமுறுத்திய ஊர், அந்தக் காற்றில் நல்ல ஊராகத் தெரிந்தது.

"ஒரு செராக்ஸுக்கு ஒரு நாளாக்கா?"

"அது காத்தாலயே எடுத்தாச்சுங்க. போன வருசம் ரெண்டு புள்ளைங்க வந்தன்னைக்கே அழுதுபோட்டு மத்தியானம் பஸ் ஏறிட்டாங்க. பொழுதோட வரைக்கும் இருந்துபோட்டா அப்பறம் யாரும் போறதில்லீங்க. சர்டிபிகேட்ட உட்டுப்போட்டு யாரு கண்ணு ஊருக்குப் போவாங்க?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இன்னொரு தட்டு காளான் கேட்டேன்.

ஆறு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் அம்மாவிடம், "ஞாயித்துக்கெழம பொழுதோட வாரேம்மா" என்று போனில் சொல்லிவிட்டேன். நான் போய் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மத்தியானச் சோறு ஆக்கிவைத்துக் காத்திருந்த அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பொழுதோட வாரேன்னு சொன்னியேட்டி?"

"இப்பத்தானம்மா பொழுதோட" என்றேன். சொன்ன கையோடு, பெற்ற அம்மா எதிரில் நிற்கும்போதே, எனக்கு அக்காவைப் பார்க்கவேண்டும் போலிருந்தது.