அபிதகுசாம்பாள் கண் மூடுகிறாள்

வலது கையில் ஒரு கேமரா, இடது கையில் ஒரு கேமரா. ஸ்டுடியோ நடுவில் நின்றுகொண்டு இரண்டையும் மாறி மாறித் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார் தனகோடி.

ஸ்டுடியோக்காரர் ராஜ்குமார் அரை மணி நேரமாக மெகாபிக்சல், லென்ஸ், ஜூம் என்று தொண்டை வறளச் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. தனகோடி ஆரணியில் நாலு தறி போட்டுப் பட்டு நெய்கிறவர். பட்டு நூலென்றாலும் ஜரிகையென்றாலும் எடை போட்டுத்தான் வாங்குவார். நெய்து இறக்கிய சேலையையும் முதலில் தராசில் வைத்துவிட்டுத்தான் கண்ணால் பார்ப்பார். கனத்தது நல்லது, லேசானது மட்டம். இது அவருடைய ஐம்பத்தேழு வயது சாஸ்திரம். பட்டுக்கு ஒரு நியாயம், கேமராவுக்கு ஒரு நியாயமா?

"பெருசுல வெயிட்டு கீது ராஜ்குமாரு. சின்னது சோப்பு டப்பா மாதிரி இருக்குது. இதுல இன்னா வரும்?"

சின்னதில்தான் கண் மூடினால் 'பீப்' என்று சொல்கிற வசதி இருக்கிறது என்றார் ராஜ்குமார். பெரியது டி.எஸ்.எல்.ஆர்., ஒரு நொடிக்கு எட்டுப் படம் தள்ளும். இரண்டுமே யாரோ பயன்படுத்திவிட்டு மாற்றிக்கொண்டு போனவை. கடைசியில் அவரே பேஜாராகி, இரண்டையும் எடுத்துகினு போங்க, வியாழக்கிழமைக்குள் எது வேண்டுமென்று சொல்லிவிட்டு மற்றதைத் திருப்பிக் கொடுங்க என்று பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

கேமராவுக்கு இத்தனை அவசரம் ஏன் என்று கேட்டால், வெள்ளிக்கிழமை காட்பாடியில் ஒரு ரயில் நிற்கும். தனகோடியின் மனைவி அபிதகுசாம்பாள் அதில் ஏறிப் புனேவுக்குப் போகிறாள். மகள் தீபாவுக்கு இரண்டாவது பிரசவம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் பார்த்தாயிற்று, இரண்டாவதற்கு அம்மா அங்கே வரட்டும் என்பது ஏற்பாடு. திரும்பி வர ஆறு மாதம் ஆகும். முகூர்த்த மாதங்களில் தறியை விட்டுவிட்டு இவரால் கூடப் போக முடியாது. கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் ஆறு நாள் பிரிந்ததில்லை. அவள் இல்லாத வீட்டில் பார்த்துக்கொண்டு உட்கார அவளுடைய நல்ல படம் ஒன்று வேண்டும். அதைச் சொல்ல இந்த வயதில் வெட்கம் பிடுங்கித் தின்றதால், "ஹால்ல மாட்டறதுக்கு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

படம் எடுப்பது பெரிய காரியமா என்று நினைப்பவர்களுக்கு அபிதகுசாம்பாளைத் தெரியாது. முப்பத்தொரு வருடத்தில் தனகோடி எடுத்த ஒரு படத்தில்கூட அவள் கண் திறந்து இல்லை.

கல்யாணமான புதிதில் அவரிடம் ஒரு ரோல் கேமரா இருந்தது. முப்பத்தாறு படம் எடுக்கலாம். முதல் முதலாக அவளைத் தேவிகாபுரம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். படிக்கட்டில் உட்கார வைத்தார், தூணில் சாய வைத்தார், நெற்றி முடியை ஒதுக்கிவிட்டார், முகவாயைத் தொட்டு வெளிச்சத்துக்குத் திருப்பினார். "மூடிடுச்சாங்க? அப்ப இன்னொண்ணு எடுங்க" என்பாள் அவள். ஒரு ரோல் முழுக்க அவள்தான். வேலூரில் கழுவக் கொடுத்துவிட்டு எட்டு நாள் காத்திருந்த சுகம் இருக்கிறதே, அது இந்தக் காலத்துப் போன்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. எட்டாவது நாள் பஸ் ஸ்டாண்டிலேயே கவரைப் பிரித்தார்கள். முப்பத்தாறிலும் கண் மூடியிருந்தது. இரண்டு பேரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பஸ் போய்விட்டது.

அதற்கப்புறம் போளூர் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம், தீபாவின் காதுகுத்து, தீபாவின் கல்யாணம். காதுகுத்துப் படத்தில் அலறுகிற குழந்தைக்குக் கண் திறந்திருந்தது, ஆசாரிக்குத் திறந்திருந்தது, மதில்மேல் உட்கார்ந்த பூனைக்கும் திறந்திருந்தது. ஆல்பத்தைப் புரட்டினால் ஒரு பொம்பளை முப்பது வருடமாகத் தூங்கிக்கொண்டே ஊர் சுற்றியிருக்கிறாள் என்று தோன்றும். இத்தனைக்கும் அவள் கண் சாதாரணக் கண்ணல்ல. தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலைச் சேர்க்க நாலாயிரம் இழையை ஒவ்வொன்றாக முறுக்குவாளே, அப்போது இமை அசையாது.

செவ்வாய்க்கிழமை கனமான கேமராவோடு ஆரம்பித்தார்.

முதல் இருபது படம் கன்னங்கரேலென்று வந்தது. லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை என்று அவள்தான் சொன்னாள். பிறகு மாங்காய் பார்டர் போட்ட அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லி, கொல்லை வெளிச்சத்தில் நிறுத்தி, நொடிக்கு எட்டு வீதம் தட்டித் தள்ளினார். கேமரா போட்ட சத்தத்தில் நாலாவது தறியில் இருந்தவர் நூல் அறுந்துவிட்டதோ என்று இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். இருநூற்றுச் சொச்சம் படம்.

எல்லாவற்றையும் போனில் ஏற்றிப் பார்த்தபோது தனகோடிக்கு வேர்த்துவிட்டது. கண் மூடியிருந்தது பழைய கதை. இப்போது முகமே இல்லை, புகைபோல் கலங்கிக் கிடந்தது. ஆனால் சேலை பார்டர் மட்டும் கத்தி மாதிரி வந்திருந்தது. மாங்காயில் ஜரிகையை இழை இழையாக எண்ணலாம். வேறொன்றுமில்லை, நாற்பது வருடப் பழக்கம். கேமராவைக் கண்ணில் வைத்ததும் கை தானாகப் பார்டரைத்தான் குறி வைத்திருக்கிறது.

சரி, இருப்பதில் தேவலாம் என்று ஒன்றைப் பொறுக்கி, தீபா இன்னா சொல்கிறாள் பார்ப்போம் என்று அவளுக்கு அனுப்பினார். அது கை தவறி வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. மதியத்துக்குள் ஒன்பது பேர் அதே பார்டரில் சேலை கேட்டுவிட்டார்கள். பெங்களூர்க் கடைக்காரர் ஒருவர், அந்த அம்மா இல்லாமல் சேலையை மட்டும் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

அபிதகுசாம்பாள் அதைப் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவர் சொல்றதும் சரிதான். நீங்க சேலையத்தான எடுத்துக்கீறீங்க" என்றாள். கோபமில்லாமல் சொன்னாள், அதுதான் இவருக்குச் சுருக்கென்றது.

புதன்கிழமை சோப்பு டப்பாவை எடுத்தார். இது முகத்தைத் தானாகக் கண்டுபிடித்துக் கட்டம் போடும், கை பார்டர் பக்கம் போகிற வம்பே இல்லை. கண் மூடினால் சொல்லிவிடும். சொல்லியது. பீப். இன்னொன்று எடுத்தார். பீப். காலை டிபனுக்கு முன்னால் ஆரம்பித்தது பத்து மணிக்கும் ஓயவில்லை. வண்டி எதுவோ ரிவர்ஸ் எடுக்கிறதென்று எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை ஓரம் தள்ளி வைத்துவிட்டு, வண்டியைக் காணாமல் விழித்தார்.

மதியம் அந்தக் கேமராவில் வேறொரு வசதியைக் கண்டுபிடித்தார் தனகோடி. எதிரில் இருப்பவர் சிரித்தால் அது தானே படம் எடுத்துக்கொள்ளுமாம். கேமராவைப் பார்க்காமல் அவள் வேலையாக இருக்கும்போது பிடித்துவிடலாம் என்று அலமாரியில் மறைத்து வைத்துவிட்டுத் தறிக்குப் போனார். சாயங்காலம் வந்து ஆவலாகத் திறந்தால், அறுபத்திரண்டு படம் விழுந்திருந்தது. அறுபத்திரண்டிலும் சுவரில் தொங்குகிற நகைக்கடைக் காலண்டரின் பெண், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணும் நன்றாகத் திறந்திருந்தது.

அதில் ஒரு படத்தின் ஓரத்தில் அபிதகுசாம்பாளின் முழங்கை இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர்.

வியாழக்கிழமை விடிந்ததும் ஸ்டுடியோவுக்கு ஓடினார். அங்கே கம்ப்யூட்டரில் படம் திருத்துகிற பவித்ரா கல்யாண ஆல்பங்களில் கருவளையம் எடுப்பதில் பேர் போனவள். மூடிய கண்ணைத் திறக்க முடியுமா என்று கேட்டார். ராஜ்குமார் முந்திக்கொண்டு, ஏன் முடியாது, வேறொரு கண்ணை எடுத்து ஒட்டிவிட்டால் போச்சு என்றார். பவித்ரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தனகோடி, ஜல்தியாகப் போடும்மா, பேச நேரமில்லை என்று அடக்கிவிட்டார். எந்த ஊர்க் கல்யாணப் பெண்ணின் கண்ணோ, மையிட்டு, வில்லாக வளைந்து, அபிதகுசாம்பாளின் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

பெரிதாகப் பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் நீட்டினார். அப்பளக் கட்டைப் பழைய துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த அபிதகுசாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருங்க இவங்க?"

"நீதான்."

"எனக்கு இவ்ளோ பெரிய கண்ணு கிடையாது. இது வேற யாரோ. ஆறு மாசம் இவங்களோட குடித்தனம் பண்ணப் போறீங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. விடிந்தால் ரயில். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளே பெட்டியை மூடிவிட்டுத் தலைவாரிக்கொண்டு வந்து நின்றாள். வெளிச்சம் இருக்கிற வரைக்கும் எடுங்க என்றாள். எடுத்தார். கொல்லையில், வாசலில், மாடிப்படியில். பெரியதில் கொஞ்சம், சின்னதில் கொஞ்சம். முடியை ஒதுக்கிவிட்டார், முகவாயைத் திருப்பினார். அவள் முகம் சுளிக்காமல் நின்றாள். இன்னொண்ணு, இன்னொண்ணு என்று இரண்டு கேமராவின் பேட்டரியும் செத்துப்போயிற்று. ஒன்றிலும் கண் திறக்கவில்லை.

சாயங்காலம் இரண்டு கேமராவையும் பையோடு கொண்டுபோய் ஸ்டுடியோ மேஜைமேல் வைத்தார்.

எது வேண்டுமென்று ராஜ்குமார் கேட்டார்.

"ரெண்டும் வேணாம்பா. உன் கேமராவுல ஒண்ணும் தப்பில்ல. எனக்குத்தான் குடுப்பினை இல்ல." பையை மேஜைமேல் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். "நாளைலேருந்து அந்த வூட்ல யார் மூஞ்சியப் பாத்துகினு சோறு துன்னுவேன் சொல்லு."

ஹாலில் மாட்டுவதற்கு என்ற பொய் அத்தோடு முடிந்தது. ராஜ்குமார் டீ சொல்ல எழுந்து போனார்.

பவித்ரா கம்ப்யூட்டரில் எதையோ தேடி எடுத்துத் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

பாஸ்போர்ட் சைஸ் படம். நீலத் திரைக்கு முன்னால் அபிதகுசாம்பாள். இரண்டு கண்ணும் பளிச்சென்று திறந்து அவரை நேராகப் பார்த்தன. ஓரத்தில் லேசான சிரிப்புகூட இருந்தது. தேவிகாபுரம் படிக்கட்டில் அவர் பார்த்த அதே கண், அதே ஆள்.

தனகோடி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்து நாள் முன்னால் எடுத்ததாகச் சொன்னாள் பவித்ரா. தீபா குடியிருக்கிற அடுக்குமாடியில் கேட் பாஸுக்குப் படம் கேட்டார்களாம். அக்கா வந்து உட்கார்ந்ததும் ஒரே கிளிக்தானாம், இரண்டாவது எடுக்கவே இல்லையாம். காலையில் இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், நீங்கதான் விடவில்லை என்றாள்.

"ஒரே கிளிக்கா?" தனகோடி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். "எந்தக் கேமராவுலம்மா எடுத்த? அத்தச் சொல்லு, எவ்ளோ ஆனாலும் அதையே வாங்கிக்கிறேன்."

பவித்ரா மவுஸைத் தள்ளி வைத்தாள்.

"கேமராவுல ஒண்ணுமில்லண்ணா. நீங்க எடுத்த படத்துலல்லாம் கண்ணு மூடியிருக்கும்னு அக்காவே சிரிச்சுகினு சொன்னாங்க. அவர் எடுக்கும்போது மட்டும் ஏங்க்கா கண்ண மூடுறீங்கன்னு நான் கேட்டேன். 'தெறந்து வச்சா ஒரே படத்துல முடிச்சுட்டுத் தறிகிட்ட போயிடுவாரும்மா, மூடினாத்தான் இன்னொண்ணு இன்னொண்ணுன்னு என்னையே பாத்துகினு நிப்பாரு'ன்னு சொன்னாங்க."