சீஸ் வளராது

டென்மார்க்கில் மனிதனால் தாங்க முடியாதவை இரண்டு: பெப்ரவரிக் காற்று, தசமம் அண்ணை. காற்றாவது ஏப்ரலில் அடங்கும். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் செக்கன் கணக்கில் விளக்கி, அதற்குள் பஸ்ஸையே தவறவிடச் செய்கிற பிறவி அவர்.

எண்பத்தாறில் கோல்டிங்கில் ஒரு சீஸ் தொழிற்சாலையில் பொதி கட்டிக்கொண்டிருந்தேன். "எங்கட ஆள், கொம்பியூட்டர் படிச்சவர்" என்று அவரை அங்கே கொண்டுபோய்விட்ட மடையன் நான்தான். சீஸின் நிறையை லேபலில் அச்சிட ஒரு புரோகிராம் எழுதவேண்டும். சரிவந்தால் நிரந்தர வேலை. மனிதர் பாஸ்கல் என்ற கொம்பியூட்டர் மொழியில் எழுதினார். இயந்திரம் தரக்கூடிய அத்தனை தசமதானமும் வேண்டுமாம். முதல் லேபல் வந்தது: 2.3999999985 கிலோ. இடம் போதாமல் எண் சீஸின் மூலை திரும்பிப் போயிருந்தது.

பொறுப்பாளர் இங்கருக்குக் கோபம் வந்துவிட்டது. நாட்டில் எல்லாரும் எழுதுகிற மாதிரிப் புள்ளிக்குப் பதில் கொமா போட்டு, பின்னால் இரண்டே தானம், 2,40. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் ஆளை அனுப்பிவிடுவேன் என்றார்.

"ஒரே ஒரு வரி அண்ணை! எழுதிவிடுங்கோவன்."

"மெஷின் தந்ததை வெட்ட நான் ஆரடா? எண்ணைச் சுருக்கி மட்டந்தட்டுறது பொய்."

"வேலை போகப்போகுது!"

"போகட்டும். எண் போகக்கூடாது."

விசர் மனுசன். சிபாரிசு செய்த என் மானத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நாள் முந்திப் பிறந்த என் மகள் அப்போது ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பெற்றோருக்கென்று தொங்கவிட்ட அட்டையில் திங்கள் 1,4 கிலோ. செவ்வாய் 1,4. புதனும் 1,4. பிள்ளை வளரவில்லை. வியாழன் பொதி மேசையடியில் நின்று அழுதுவிட்டேன். தசமம் வந்து விசாரித்தார்.

"அது மட்டந்தட்டின கணக்கடா. வா என்னோட."

தொழிற்சாலைத் தொப்பியோடேயே பஸ் ஏறினார். வார்டில் தன் ஓட்டை டெனிஷில் "வெட்டாத எண்! வெட்டாத எண்!" என்று நேர்ஸை விடாமல் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் சிரித்தபடி தன் பதிவேட்டைத் திறந்து காட்டினார். 1,362 கிலோ. 1,388. 1,411.

"பாத்தியோ? ஒவ்வொரு நாளும் வளருறாளடா!"

வெள்ளி காலை லேபல் வந்தது: 2,40. நான் வாயைப் பிளந்தேன்.

"சீஸ் வளராதுதானே," என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அந்த மனிதரோடு அரை மணித்தியாலம் இருக்க இன்றைக்கும் என்னால் முடியாது. ஆனால் மகள் அந்தத் திங்கள் எவ்வளவு நிறை என்று யாராவது கேட்டால் 1,362 என்றுதான் சொல்வேன். ஒரு கிராமையும் விட மனம் வருவதில்லை.