ஸ்டீல் போனும் ஒரு தட்டு மாற்றலும்

புதுப் போன் வாங்கியவனை ஒரு வாரத்துக்கு எந்த நல்ல காரியத்துக்கும் அழைக்கக் கூடாது. அழைத்தாலும் பேச விடக் கூடாது. என் அக்காவுக்கு இது தெரியும். ஆனால் நான் பெண்ணுக்குத் தாய்மாமன். என்னை விட்டுவிட்டு நித்யாவின் நிச்சயதார்த்தத்தை நடத்த முடியாதே!

"ஏலே, தட்டு மாத்துற வரைக்கும் வாயத் தொறக்காத" என்று வாசலிலேயே எச்சரித்தாள்.

திண்டுக்கல் வெயில் ஜன்னல் வழியாக நுழைந்து, நேராக என் சட்டைப்பைக்குத்தான் வந்தது. அங்கே ஸ்டீல் விளிம்பு வைத்த என் போன். அது மினுங்கும்போதெல்லாம் என் நெஞ்சில் ஒரு குட்டி நிலா உதித்தது. (கவிதை எழுதுகிறவன் கடைக்குப் போனால் இப்படித்தான்.)

மாப்பிள்ளை பிரபுவுக்கு ஒட்டன்சத்திரம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மரியாதைக்காகக் கேட்டார். "புதுப் போனுங்களா மாமா? கனமா இருக்கும்போல."

அவ்வளவுதான், மடை உடைந்தது.

"ஸ்டீலு மாப்ள! வளையாது, நெளியாது. ஒங்களுது?"

"அலுமினியந்தானுங்க. லேசா இருக்கும்."

"அது நெளிஞ்சிருமே!"

"நெளியறது நல்லதுதானுங்க. கீழ விழுந்தா அடியை விளிம்பு வாங்கிக்கும். கண்ணாடிக்கு அவ்வளவா போகாதுங்க."

என் உலோகத்துக்கு இழுக்கா? எழுந்துவிட்டேன்.

"குடுங்க, இப்பவே பாத்துருவோம்."

நிச்சயத்தன்று தாய்மாமன் கை நீட்டினால் எந்த மாப்பிள்ளை மறுப்பார்? பாவம், கொடுத்தார். கைக்கொன்றாக நெஞ்சு உயரத்தில் பிடித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டேன்.

அவருடைய போனின் மூலையில் சின்ன நெளிவு. திரை சமர்த்தாக எரிந்தது. என்னுடையதன் விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை, கல்யாணத்துக்குக் கிளம்பியது போல் ஜம்மென்று இருந்தது. கண்ணாடி முழுக்க மட்டும் ஐப்பசி மின்னல்.

தேங்காய், வெற்றிலை, பட்டுப்புடவையோடு தட்டை ஏந்தி அக்கா நின்றாள். அதை வாங்க நீண்டிருந்த சம்பந்தியின் கை பின்வாங்கியது.

"தட்டு மாத்தற நேரத்துல கண்ணாடி ஒடையுதுங்களே..." என்று இழுத்தார் அவர். "இன்னொரு நாள் பாத்துக்கலாமுங்களா?"

இன்னொரு நாள் என்று எழுந்து போனவர்கள் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. அக்கா தட்டோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மொசைக் தரை பிளந்து என்னை விழுங்காதா என்று காத்திருந்தேன். (நல்ல தரை. அசையவில்லை.)

அப்போது உள்ளறையிலிருந்து நித்யா வந்தாள். அழவில்லை. குனிந்து இரண்டு போனையும் எடுத்துப் பார்த்தாள்.

"ஒடஞ்சது எங்க மாமா போனுதான். இவுக போனு எங்க மாமா கையில சிக்கியும் உசுரோட இருக்கு. இந்த வீட்டுல சம்பந்தம் பண்ண இதைவிட என்ன நல்ல சகுனம் வேணும்?"

பிரபுதான் முதலில் சிரித்தார். பிறகு அவருடைய அப்பா, வயிறு குலுங்க. கை மறுபடி நீண்டது. தட்டு மாறியது.

கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. இன்றைக்கும் நான் விசேஷ வீட்டுக்குள் நுழைந்தால் ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் எல்லோருடைய கையும் சட்டைப்பைக்குப் போகிறது.

போன மாதம் நித்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். பூப்போல் இருந்தாள். உருகிப்போய் இரண்டு கைகளையும் நீட்டினேன்.

பிரபு குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதே மாறாத மரியாதையோடு சொன்னார்.

"மாமா, செத்த கீழ உக்காந்து வாங்கிக்கங்க."